மியூசியத்தில் பெண் பார்த்த அன்று

எந்த அறையில் வைத்துச் சொல்வது என்பதுதான் சுபாஷினிக்குப் பிடிபடவில்லை. உள்ளே நுழைந்ததும் முதல் அறையிலேயே சொல்லிவிடுவது என்றுதான் அரக்கோணத்திலிருந்து ரயிலில் வரும்போது நினைத்திருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் அமுதா சித்தி தூங்கி வழிய, உதட்டை அசைக்காமல் அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்திருந்தாள். ஆனால் முதல் அறை முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். கற்சிலைகளுக்கு நடுவே வரிசை கலைந்து ஓடிக்கொண்டிருந்தார்கள், ஒரு டீச்சர் கையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அந்தச் சத்தத்தில் சொன்னால் அவன் "என்னங்க?" என்று கேட்பான். இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கும். இரண்டாவது தடவை சொல்வதற்குத் தன்னிடம் தெம்பு இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவன் ஓரடி முன்னால் நடந்துகொண்டிருந்தான். குணசீலன். ஜாதகத்தில் பெயரைப் பார்த்தபோது வயதானவன் மாதிரித் தோன்றியது. நேரில் அப்படியொன்றும் இல்லை. இஸ்திரி மடிப்பு கலையாத நீலச் சட்டை, சட்டைப்பையில் பேனா, ஒவ்வொரு சிலையின் கீழேயும் இருக்கும் பலகையைக் குனிந்து படித்துவிட்டு நிமிர்ந்து சிலையைப் பார்க்கும் பழக்கம். வாசலில் மரத்தடி பெஞ்சில் அவனுடைய அக்கா வேதவல்லியும் சித்தியும் உட்கார்ந்துவிட்டார்கள். "எங்களால ஏறி எறங்க முடியாதுப்பா, நீங்க ரெண்டு பேரும் மாடி வரைக்கும் சுத்திப் பாத்துட்டு மெதுவா வாங்க" என்று அந்த அக்காதான் சொன்னாள். சித்திக்குக் காலில் ஒன்றும் கிடையாது, ஆனாலும் "ஆமாமா" என்று முட்டியைத் தடவிக்கொண்டாள். எல்லோரும் கோயிலில்தான் பெண் பார்ப்பார்கள், இது என்ன மியூசியத்தில் என்று அம்மாவே முதலில் முகம் சுளித்தாள். பிறகு, படித்தவர்கள் அப்படித்தான் போலிருக்கிறது என்று அவளே சமாதானமும் ஆகிவிட்டாள்.

அம்மா காலையில் தலை பின்னும்போது சொன்னதும் நினைவுக்கு வந்தது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, அதப் பத்தி மட்டும் வாயத் தொறக்காத, கல்யாணம் ஆகி ஒரு வருஷம் போகட்டும், நானே மெல்ல எடுத்துச் சொல்லிக்கறேன். 'அது.' வீட்டில் அதற்கு வேறு பெயர் கிடையாது. அப்பா 'உடம்பு முடியாம' என்பார், சித்தி 'அந்த மாதிரி' என்பாள். டாக்டர் ஒருவர்தான் ஆங்கிலத்தில் அதன் பெயரை முழுசாகச் சொல்வார், அதுவும் வேறு யாருக்கோ வந்த நோய்போல இருக்கும். ரயிலில் அவள் தயார் செய்துகொண்ட வாக்கியம் சின்னது. எனக்கு வலிப்பு வரும். அவ்வளவுதான். ஆனால் சொல்லச் சொல்ல அந்த 'வரும்' என்ற சொல் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. தூக்கம் வரும், மழை வரும், மாமா வருவார். வருவது எல்லாம் வெளியிலிருந்து வருவதுதானே, வரும்போது நாம் வீட்டில் இருக்கிறோம், அவ்வளவுதான் நம் பங்கு. வந்தது என்றும் சொல்லலாம், வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்றும் சொல்லலாம், இனி வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வராமலே போய்விடக்கூடியதை ஏன் சொல்ல வேண்டும் என்று அம்மாவின் குரலிலேயே ஒரு கேள்வி எழுந்தது. சொல்லாமல் இருந்து, கட்டிக்கொண்டு போன வீட்டில், அந்த அக்காவுக்குக் காபி கொடுக்கும்போது வந்தால்? டம்ளர் விழும். முதலில் டம்ளர்தான் விழும்.

செப்புச் சிலைகள் இருந்த அறை அமைதியாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் சின்ன விளக்குகள் எரிய, சிலைகளின் தோளும் முழங்காலும் மட்டும் எண்ணெய் தேய்த்த மாதிரி மினுங்கின. "இங்க பாருங்களேன்" என்றான் குணசீலன். அம்மன் சிலை ஒன்று. ஒரு கை தொடையோரம் தளர்ந்து தொங்க, இன்னொரு கை பூவைப் பிடிப்பதற்காக மடங்கியிருந்தது, விரல்களுக்கு நடுவே ஒன்றுமில்லை. "பூசை நடந்தப்போ தெனமும் ஒரு பூ வெச்சிருப்பாங்கல்ல, இப்ப சும்மா இருக்கு" என்றான். அவள் "ம்" என்றாள். நல்லவனாகத்தான் இருக்கிறான், சிலையின் கையில் பூ இல்லையே என்று பார்க்கிறவன். இவனிடம் சொல்லலாம். இப்போது சொல்லலாம். ஆனால் அவள் அந்த மடங்கின விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், தன்னுடைய விரல்கள் மடங்கிக் கிடந்ததும் அவற்றுக்குள் யாரோ சாவிக்கொத்தைத் திணித்திருந்ததும் நினைவுக்கு வந்துவிட்டது. பத்தாவது படிக்கும்போது, காலைப் பிரேயரில், முதன்முதலாக. கண் விழித்தபோது வானம் தெரிந்தது, வானத்தைச் சுற்றி முகங்கள் தெரிந்தன, உள்ளங்கையில் இரும்பு அழுந்தி வலித்தது. யாருடைய சாவி, எந்தப் பூட்டின் சாவி என்று கடைசிவரை அவளுக்குத் தெரியவில்லை. பாவாடை நனைந்திருந்தது. அன்றைக்குப் பக்கத்தில் நின்றிருந்த பிரேமா மறுநாளிலிருந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள், கோபமெல்லாம் இல்லை, "எங்கம்மா உக்கார வேணாம்னாங்கடி" என்று அழுதுகொண்டே சொல்லிவிட்டுத்தான் போனாள். "வாங்க, அடுத்த ரூம்ல பெயின்டிங் இருக்காம்" என்றான் அவன். அந்த அறையும் போய்விட்டது.

ஓவியக் கூடத்தில் பழைய காலத்து மனிதர்கள் ஆளுயரச் சட்டங்களுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். தலைப்பாகை கட்டிய ஒருவர், மடியில் நாய்க்குட்டி வைத்த வெள்ளைக்காரி, நாற்காலியின் நுனியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்த ஒரு ஜமீன் வீட்டுப் பெண். அந்தப் பெண்ணின் மூக்குத்தி மட்டும் நிஜமான கல்போல மின்னியது. முகம் என்னவோ சரியாக வரவில்லை, கண்கள் வரைந்தவனைப் பார்க்காமல் அவன் தோளுக்குப் பின்னால் யாரையோ பார்த்துப் பயந்த மாதிரி இருந்தன. எத்தனை நாள் இப்படி அசையாமல் உட்கார வைத்திருப்பார்களோ. உன்னை வரையப் போகிறோம், உட்கார் என்று சொன்னால் உட்கார வேண்டியதுதான். அவள் முகத்தை அவளே பார்த்திருப்பாள், முடித்ததும் காட்டியிருப்பார்கள், இது நான் இல்லை என்றாவது அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருப்பாள். சுபாஷினி தன் முகத்தைப் பார்த்ததில்லை. கண்ணாடியில் தெரிகிற முகத்தை அல்ல, மற்றதை, வலிப்பு வரும் நேரத்து முகத்தை. கடைசியாக வந்தபோது பஸ் ஸ்டாண்டில் ஒரு பையன் அதைச் செல்போனில் எடுத்தான் என்று சித்தி வீட்டுக்கு வந்து அழுதாள். அது இப்போதும் யாரோ ஒருவன் போனில் இருக்கும். அவளைத் தெரியாத எத்தனையோ பேருக்கு அந்த முகம் தெரிந்திருக்கும், அவளுக்குத்தான் தெரியாது. கண் மேலே போய்விடும் என்று பிரேமா சொன்னாள், வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும் என்று அம்மா டாக்டரிடம் சொன்னாள், அதையும் வெட்கப்பட்டுக்கொண்டு, மகளின் கெட்ட நடத்தையைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.

"நீங்க ரொம்பப் பேச மாட்டீங்களோ?" என்றான் குணசீலன் மாடிப்படி ஏறும்போது. "பேசுவேன்" என்றாள் அவள், அதோடு நிறுத்திக்கொண்டாள். அவன் சிரித்தான். பிறகு அவனே பேசினான். அம்பத்தூரில் கம்பெனி, வண்டிகளுக்கான உதிரிபாகம் செய்கிறார்கள், இவன் அவற்றை அளந்து பார்க்கிற வேலை. "முடியளவு கூடக்கொறைய இருந்தாலும் ரிஜெக்ட் பண்ணிடணும். பாக்க ஒண்ணுமே தெரியாது, பளபளன்னு இருக்கும். உள்ள கீறல் இருந்தா மெஷின் காட்டிக்குடுத்துடும்." அவன் சாதாரணமாகத்தான் சொன்னான், தன் வேலையைப் பற்றிச் சொல்வதில் அவனுக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அவளுக்குப் படி ஒன்று தவறியது போலிருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அவன் சட்டென்று திரும்பிப் பார்த்தான். "என்னாச்சு?" "ஒண்ணுமில்ல, செருப்பு." அவன் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் அதிகமாகவே பார்த்த மாதிரி இருந்தது. பார்க்கத்தானே வந்திருக்கிறான், பெண் பார்க்கத்தானே. ரிஜெக்ட் ஆன பாகங்களை என்ன செய்வார்கள் என்று கேட்க நினைத்தாள். உருக்கி மறுபடி வார்ப்பார்களோ, எடைக்குப் போட்டுவிடுவார்களோ. கேட்கவில்லை. மாடியில் புதுக் கலைஞர்களின் கண்காட்சி. ஒரு சுவர் முழுக்கக் கிழிந்த சேலைகளை ஒட்டி வைத்திருந்தார்கள். இன்னொரு மூலையில் தண்ணீர்க் குடங்களைக் கவிழ்த்து அடுக்கியிருந்தார்கள், பிளாஸ்டிக் குடங்கள், இதிலென்ன கலை என்று அவளுக்குப் புரியவில்லை, ஆனால் கவிழ்ந்த குடங்களைப் பார்க்கப் பார்க்க நாக்கு வறண்டது. இங்கே யாருமில்லை, ஒரு காவலாளி மட்டும் தூரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். இதுதான் இடம். "உங்ககிட்ட ஒண்ணு..." என்று அவள் ஆரம்பித்ததும் அவனும் "அங்க ஏதோ வீடியோ ஓடுது பாருங்க" என்றதும் ஒரே நேரத்தில் நடந்தன. "சொல்லுங்க, என்ன?" "இல்ல, நீங்க சொல்லுங்க." "வாங்க, பாத்துட்டே பேசலாம்" என்று அவன் கறுப்புத் திரையை விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

திரைக்கு அந்தப் பக்கம் இருட்டில் வெளிச்சம் வெட்டி வெட்டி விழுவது அவளுக்கு இங்கிருந்தே தெரிந்தது. டிஸ்கோ லைட் வேண்டாம், வெல்டிங் வைக்கிற இடம் வேண்டாம், டிவியைக் கிட்டே உட்கார்ந்து பார்க்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பான். ஏன் என்றால் அதைச் சொல்ல வேண்டும். சொல்லத்தானே வந்தாய் என்று ஒரு மனம் சொன்னது, இப்படியா, திரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனிடம் வாசலில் வைத்தா என்று இன்னொன்று சொன்னது. இந்த இரண்டும் பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய கால்கள் உள்ளே போய்விட்டன. எப்போதும் அப்படித்தான், யாராவது கதவைத் திறந்து பிடித்தால் அவள் போய்விடுவாள். சுவரில் ரயில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, ஓடுகிற ரயிலின் ஜன்னல்கள் மட்டும், வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டு, சத்தமே இல்லாமல். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். மூடின இமைக்குள்ளும் சிவப்பாக வந்து வந்து போயிற்று. கையால் முகத்தை மூடலாம், ஆனால் பக்கத்தில் அவன். அப்போதுதான் அந்த வாசனை. ஈரத் துணியை இஸ்திரி போடும்போது எழுமே, அந்த வெந்த வாசனை. ஒவ்வொரு தடவையும் அதுதான் முன்னால் வரும், கதவைத் தட்டுவது மாதிரி. இல்லை, இது நிஜ வாசனைதான், அவன் சட்டையிலிருந்து வருகிறது, இஸ்திரி போட்ட சட்டைதானே. இல்லை, வந்துவிட்டது. வந்துவிட்டதா? வயிற்றிலிருந்து ஏதாவது மேலே ஏறுகிறதா என்று கவனித்தாள். கவனிக்கிறபோது எல்லாமே ஏறுவது மாதிரித்தான் இருக்கிறது. கடவுளே, இங்கே வேண்டாம், இந்த இருட்டில் வேண்டாம், புடவை விலகிவிடும், அம்மாவின் பட்டுப்புடவை, நனைந்துவிடும், அவன் சாவியைத் தேடுவான், சாவி வைத்திருப்பானா, அக்காவைக் கூப்பிட ஓடுவான், அக்கா மாடிப்படியில் மூச்சு வாங்க வந்து நின்று பார்ப்பாள். பின்னால் சுவர் இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவினாள். இருந்தது. சுவர் சில்லென்று இருந்தது. தன் பெயரைச் சொல்லிப் பார்த்தாள், சுபாஷினி, அப்பா பெயர், தெருப் பெயர், இன்றைக்கு என்ன கிழமை. கிழமை சட்டென்று வரவில்லை. வியாழன். வியாழக்கிழமை. வாசனை இருந்தது, பிறகு லேசாயிற்று, பிறகு இருந்ததா என்றே தெரியவில்லை. "வெளிய போலாமா" என்று ஒரு குரல் கேட்டது, அது தன்னுடைய குரல்தான் என்பது அவளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

வெளியே ஜன்னல் ஓரமாக ஒரு பெஞ்சு இருந்தது. அவள் உட்கார்ந்தாள். அவன் உட்காராமல் எதிரே நின்றான், தண்ணீர் வேண்டுமா என்றான், வேண்டாம் என்றாள். கைப்பையை மடிமேல் வைத்து அழுத்திக்கொண்டாள். இனிமேல் அறை என்று எதுவும் இல்லை, இந்தப் பெஞ்சுதான். தரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு வலிப்பு வரும்" என்றாள். அத்தனை தடவை ஒத்திகை பார்த்த வாக்கியம் வெளியே வந்தபோது அதில் ஒரு கனமும் இல்லை, மணி என்ன என்று கேட்டது மாதிரி இருந்தது. அதனால் பயந்துபோய் அவசர அவசரமாகத் தொடர்ந்தாள். "பத்தாவதுலேர்ந்து இருக்கு. மாத்திர சாப்புடறேன். இப்ப ரெண்டு வருஷத்துக்கு மேல வரல. வெளிச்சம் விட்டுவிட்டு அடிச்சா வரலாம்னு சொல்லியிருக்காங்க, அதான் உள்ள... எங்கம்மா சொல்ல வேணாம்னாங்க. நான் சொன்னது அவங்களுக்குத் தெரிய வேணாம்." சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவன் முகத்தில் அதிர்ச்சி இல்லை. அவள் தயாராக வைத்திருந்தது அந்த அதிர்ச்சிக்குத்தான், அது இல்லாத முகத்தை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தான். "தெரியுங்க" என்றான்.

"யார் சொன்னா?" என்றாள். "உங்கம்மாதான். ஜாதகம் குடுக்கும்போதே அக்காகிட்ட சொல்லிட்டாங்களே." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப என் விஷயத்த உங்களுக்குச் சொல்லலையா?" என்றான். அவள் தலையை அசைத்தாள், இல்லை என்றா ஆமாம் என்றா என்று அவளுக்கே தெரியாமல். "எனக்கு முன்னாடி ஒரு கல்யாணம் ஆச்சு. அவ போயிட்டா. டைவர்ஸ் ஆயிடுச்சு. உங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். ரெண்டு பக்கமும் பேசி, ரெண்டுக்கும் ரெண்டு சரியாப் போச்சுன்னுதான்..." அம்மாவின் விரல்கள் காலையில் தலை பின்னிய வேகம் அவளுக்கு நினைவு வந்தது. வாயத் தொறக்காத என்றாளே. எல்லோரும் பேசி முடித்துவிட்ட ஒன்றை இவள் மட்டும் எதற்காக வாயில் பூட்டி வைத்திருக்க வேண்டும்? யோசித்து யோசித்துப் பார்த்தும் அதற்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஒருவேளை, சொல்லாதே என்று சொல்லிச் சொல்லி அம்மாவுக்கு அது பழகிவிட்டதோ என்னவோ. ஒருவேளை, எல்லாம் பேசியாயிற்று என்று இவளுக்குத் தெரிந்தால் இவள் பதிலுக்கு அவனைப் பற்றிக் கேட்பாள் என்பதாலோ. சித்திக்கும் தெரியும். ரயிலில் தூங்கிக்கொண்டு வந்த சித்திக்கு. கோபம் வர வேண்டிய இடம் இது, வரவில்லை. வருவது எதுவும் வேண்டும்போது வருவதில்லை. "இன்னொண்ணும் சொல்லிடறேன்" என்றான் அவன், இப்போது அவன்தான் தரையைப் பார்த்தான். "இந்த எடத்த அக்காதான் சொன்னாங்க. நல்லா நடக்க வெச்சு, மாடியெல்லாம் ஏற வெச்சுப் பாரு, எப்படி இருக்கான்னு பாருன்னாங்க. வீடியோ ரூம் அதுக்காக இல்ல, சத்தியமா. வெளிச்சத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு எனக்குத் தெரியாது." அவன் காது மடல்கள் சிவந்திருந்தன. பாவமாக இருந்தது. பாவமாக இருப்பதுதான் இன்னும் பயமாக இருந்தது, வெறுத்துவிட்டால் எழுந்து போய்விடலாம்.

"அவங்க பேரென்ன?" என்று கேட்டாள். "யாரு?" "மொதல்ல கட்டிக்கிட்டவங்க." அவன் கொஞ்சம் திகைத்த மாதிரி இருந்தது, "புஷ்பலதா" என்றான். யாரும் அவனிடம் அந்தப் பெயரைக் கேட்டு வெகுநாள் ஆகியிருக்க வேண்டும், கூச்சத்தோடு சொன்னான். "ஏன் போயிட்டாங்க?" "தெரியல. சண்டையெல்லாம் இல்ல. ஒரு நாள் ட்யூட்டி முடிஞ்சு வந்தேன், வீடு பூட்டியிருந்துச்சு. அக்காகூட ஒத்து வரலன்னு அவங்க வீட்ல சொன்னாங்க. எங்கிட்ட அவ எதுவும் சொன்னதில்ல." ஜன்னலுக்கு வெளியே காக்கை ஒன்று ஏசி பெட்டியின்மேல் உட்கார்ந்து உட்கார்ந்து எழும்பியது. புஷ்பலதாவை சுபாஷினி பார்க்க நினைத்தாள். இந்தக் கட்டிடம் முழுக்க இத்தனை முகங்களைப் பார்த்ததற்கு அந்த ஒரு முகத்தைப் பார்த்திருக்கலாம். அவளும் எங்காவது நடக்க வைக்கப்பட்டிருப்பாளா, கோயில் பிரகாரத்திலோ கடற்கரையிலோ, ஒரு அக்கா தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க. பூட்டிவிட்டுப் போக ஒருத்திக்கு எவ்வளவு தைரியம் வேண்டும், போய் எங்கே நிற்பது என்று அவளுக்குத் தெரிந்திருக்குமா. தன்னால் அப்படிப் போக முடியாது. தெருவில் நடுவழியில் வந்தால் யார் தலையைப் பிடிப்பார்கள். அந்த எண்ணம் அம்மாவுடையது, ஆனால் அம்மாவின் குரல் தேவைப்படாமல் இப்போது தானாகவே ஓடியது. "உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா நானே வேணாம்னு சொல்லிடறேங்க" என்றான் குணசீலன். அவள் வாயைத் திறந்தாள். சொல்லுங்கள் என்று சொல்ல வேண்டும், அல்லது வேண்டாம், சொல்லாதீர்கள் என்று சொல்ல வேண்டும், இரண்டுமே நாக்கில் இருந்தன, எது முதலில் வரும் என்று அவளும் காத்திருந்தாள்.

அதற்குள் அவனுடைய போன் அடித்தது. அக்கா என்று திரையில் வந்ததை அவளும் பார்த்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. காவலாளி ஸ்டூலிலிருந்து "செல்லு பேசக் கூடாது சார்" என்றார். அவன் அவளைப் பார்த்தான், எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான், எடுத்தான். "ம்... ஆமாக்கா... பாத்தாச்சு." கொஞ்ச நேரம் கேட்டான். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆனால் அந்த வெறும் கூடத்தில் ஒவ்வொரு எழுத்தும் கேட்கும்படியாக, "ஒண்ணும் ஆகலக்கா. நல்லா நடந்தாங்க. மாடியும் ஏறிட்டாங்க" என்றான். போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுத் திரும்பியவனுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். "என்னவாம்?" என்றாள் அவள். "கீழ வரச் சொன்னாங்க. ஹோட்டலுக்குப் போலாம்னாங்க." அவள் எழுந்தாள். எழாமல் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க ஒரு வழி இருந்தால் இருந்திருப்பாள். படியில் அவன் ஒரு படி முன்னால் இறங்கினான், இறங்கும்போதே ஒரு கையைப் பின்னால், அவள் பக்கமாக, தொடாமல், விழுந்தால் பிடித்துக்கொள்கிற மாதிரி நீட்டி வைத்துக்கொண்டே போனான். கீழே படிக்கட்டின் அடியில் வேதவல்லி அக்காவும் சித்தியும் வந்து நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், சித்தி சிரித்தாள், அக்கா சிரிக்காமல் அவள் பாதங்களைப் பார்த்தாள். அந்தக் கை தனக்காக நீண்டிருக்கிறதா, கீழே பார்க்கிறவர்களுக்காக நீண்டிருக்கிறதா என்று சுபாஷினிக்குத் தெரியவில்லை. அவள் அதைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை, விலக்கச் சொல்லவும் இல்லை. ஒவ்வொரு படியாக, பாதத்தை முழுசாக ஊன்றி, நன்றாக நடந்து இறங்கினாள்.